தயங்கித் திறக்கும் கணிப்பொறி

குன்னூரில் மழைக்காலத்து மரம் ஒன்று கம்பிமேல் சாய, மின்சாரம் நின்று மீள்கிறது. காலையில் இரண்டாம் முறை சட்டெனத் திறந்த நிரல், இப்பொழுது பள்ளிக் கணிப்பொறியில் தயங்குகிறது. மலைக்குளிரே காரணம் என்பர் சிலர். பழைய வால்வு வானொலி சூடேறிய பின்னரே பாடியது உண்மை. கணிப்பொறிக்கு அவ்விதி பொருந்தாது.

நிரல் உறைவது வன்வட்டில், இயங்குவது நினைவகத்தில். வட்டு நிமிடத்திற்கு 7,200 முறை சுழன்றாலும், வேண்டிய தகவல் படிக்கும் முனையின்கீழ் வந்துசேர, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நூறில் ஒரு விநாடி செல்கிறது. சிதறிக்கிடக்கும் 500 துணுக்குகளைத் தேடினால் ஐந்து விநாடி! ஒருமுறை எடுத்தவற்றை நினைவகம் தன்னிடமே வைத்துக்கொள்வதால் மறுமுறை விரைவு பிறக்கிறது. மின்சாரம் அற்றதும் நினைவகம் வெறுமையாகிறது. தேடல் மீண்டும் தொடங்குகிறது.

பொறுமையிழந்து படக்குறியைப் பலமுறை அழுத்துகிறோம் அல்லவா? வட்டுக்கு அது மேலும் சுமையே. பழையதென்று பொறியையே ஒதுக்குமுன், சுழலும் உறுப்பே இல்லாத திண்மநிலை வட்டு ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். அங்கே அதே தேடலுக்கு ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு விநாடி போதும்.