சேர்ந்து எழுதும் ஒரு தாள்



ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கல்லணையைத் தாண்டினால் தஞ்சையில் குறுவை நடவு மும்முரமாகிவிடும். நடவுக்குப் போகும் தாய் விடியுமுன் கிளம்பிவிடுவார். முதல் வகை நீரிழிவு உள்ள அவருடைய பிள்ளை இன்சுலின் போட்டபின் சாப்பிட்டதா என்று பள்ளியில் யாருக்குத் தெரியும்?

2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பெரியவர்களுக்கு வீடு தேடி நீரிழிவு மாத்திரை தருகிறது. வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு நாம்தான் துணை.

மருத்துவர், பெற்றோர், ஆசிரியர், பிள்ளை நால்வரும் சேர்ந்து ஒரு தாள் எழுதுங்கள்: ஊசி நேரம், உணவு நேரம், தொலைபேசி எண். வியர்வை, நடுக்கம் கண்டால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரை. மயங்கினால் வாயில் எதுவும் கொடுக்காமல் 108. ஊசியை எங்கே போட்டுக்கொள்வது, யாருக்குச் சொல்வது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.

நடவு, அறுவடை என்று வீட்டு நேரம் மாறும்போதெல்லாம் தாளையும் திருத்துங்கள்.