இரும்பு கேட்குது!

(‘குடும்பத்தின் உடல்நலத்துக்குப் பெரிதும் துணை நிற்பது துடுப்பு எந்திரமா? எடைப் பயிற்சியா?’ என்ற பட்டிமன்றத்தில், எடைப் பயிற்சி அணியின் இரண்டாவது பேச்சு)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எங்களுக்கு எதிராகத் துடுப்புப் போட வந்திருக்கிற எதிரணி நண்பர்களே! தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால பாய் விரிச்சு உட்கார்ந்திருக்கிற பெரியவர்களே, தாய்மார்களே!

பாயில உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல என் வணக்கம். சோபாவில இருக்கிறவங்க கோவிச்சுக்காதீங்க. காரணம் இருக்கு, பின்னால வரும்.

எனக்கு முன்னால பேசின சகோதரி என்ன சொன்னாங்க? “தண்ணியே இல்லாம படகு விடலாம், அதுதான் எங்க எந்திரத்தோட பெருமை”ன்னாங்க. ஐயா, நம்ம ஊரு ஆத்துல பாதி வருஷம் அப்படித்தானே விட வேண்டியிருக்கு! இது ஒரு பெருமையா? (சிரிப்பு)

ஆனா ஒண்ணு. அந்த எந்திரத்தைக் குறைச்சுப் பேச எனக்கு மனசு வரல. அவங்க சொல்லாம விட்ட பெருமையையும் நானே சொல்லிடறேன். அமெரிக்காவுல வெர்மான்ட்னு ஒரு மாநிலம். நம்ம மார்கழிப் பனியெல்லாம் அங்க கணக்கிலேயே சேராது. குளிர்காலம் வந்தா ஏரி உறைஞ்சு கல்லாயிடும். அங்க டிரைசிகேக்கர் சகோதரர்கள்னு ரெண்டு பேரு, டிக், பீட்னு பேரு. படகோட்டிங்க, துடுப்பு செஞ்சு விக்கிறது தொழில். தண்ணி உறைஞ்சு போச்சு, படகு விட முடியாது. சும்மா இருந்தாங்களா? ஒரு சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, அதோட சங்கிலியைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தாங்க. அந்த யோசனைதான் 1981ல எந்திரமா விற்பனைக்கு வந்தது. இன்னைக்கு உலகம் முழுக்கப் படகோட்டிகள் வச்சிருக்கிற கான்செப்ட் 2 எந்திரத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அது எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. ஒரு நீளமான தண்டவாளம். அதுல முன்னும் பின்னும் உருளுற இருக்கை. கைப்பிடியை இழுத்தா சங்கிலி ஓடும். சங்கிலி ஓடினா எதிர்ல இருக்கிற விசிறிச் சக்கரம் சுத்தும். அந்தச் சக்கரத்தோட இறக்கையை எதிர்க்கிறது வெறும் காத்து. கல்லு கிடையாது, இரும்பு கிடையாது, காத்து! இழுக்கிறப்ப முதல்ல கால் உதைக்கணும், அப்புறம் இடுப்பு சாயணும், கடைசியாத்தான் கை. திரும்பி வர்றப்ப கை, இடுப்பு, கால். கால்ல இருந்து தோள் வரைக்கும் ஒரே இழுப்புல வேலை. முழங்காலுக்குக் குதிக்கிற அதிர்ச்சி கிடையாது. மூச்சுக்கும் இதயத்துக்கும் இதுமாதிரி பயிற்சி ரொம்பக் கொஞ்சம்தான். இதை நான் மறுக்கவே இல்ல.

எங்க வீட்டுக்கே அது வந்துச்சுங்க. என் தம்பி வாங்கினான். மூணு மாடி ஏறினா நாலாவது ஆளா மூச்சு மட்டும் தனியா ஏறி வரும் அவனுக்கு.

நடுவர்: இப்ப அதுல துணி காயுதா?

அதுக்கு ஏற்கனவே ஓடுற எந்திரம் ஒண்ணு இருக்குங்க ஐயா! (பலத்த சிரிப்பு) இதுல தம்பி நிஜமாவே இழுத்தான். முதல் நாள், சக்கரத்துக்குப் பக்கத்துல ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் ஒரு நெம்பு இருக்கும் பாருங்க, அதைப் பத்துல தள்ளிட்டான். ஃபேன் ரெகுலேட்டர்னு நெனச்சுட்டான் போல. அது உள்ளே எவ்வளவு காத்து போகணும்ங்கிறதுக்கு. சைக்கிள் கியர் மாதிரி. நல்ல படகோட்டிகளே பல பேரு மூணுலேர்ந்து அஞ்சுக்குள்ளதான் வச்சுக்கிறாங்க. தம்பி பத்துல இழுத்தான், மறுநாள் பத்துப் போட்டுக்கிட்டுப் படுத்தான். இடுப்பு! “எடை தூக்கினா இடுப்பு போயிடும்”னு எதிரணி பயமுறுத்தினாங்களே, படகோட்டிகளுக்கு அதிகமா வர்ற தொந்தரவே கீழ் முதுகுதான். முறை தெரியாம செஞ்சா ரெண்டும் ஒண்ணுதான். அப்புறம் முறை கத்துக்கிட்டான். நாலே மாசத்துல மூணு மாடியும் பேசிக்கிட்டே ஏறுறான். அவனுக்குத் துடுப்பு எந்திரம் உயிர் கொடுத்துச்சு. இதை எதிரணி தாராளமா குறிச்சுக்கலாம்.

இப்ப எங்கம்மா கதைக்கு வர்றேன். அம்மாவுக்கு எழுபத்தோரு வயசு. தரையில உட்கார்ந்து கீரை ஆயறவங்க, தரையில உட்கார்ந்து பூ கட்டுறவங்க. ஒருநாள் சாயங்காலம் நான் வேலைக்குப் போயிட்டு வர்றேன், அம்மா சமையல்கட்டுல தரையில உட்கார்ந்திருக்காங்க. பக்கத்துல ஆய்ஞ்ச கீரை வாடிப் போய்க் கிடக்கு. “என்னம்மா இன்னும் இங்கேயே?”ன்னேன். “சும்மாதான், காத்தாட உட்கார்ந்திருக்கேன்”னாங்க. சமையல்கட்டுல என்னய்யா காத்து! மத்தியானம் உட்கார்ந்தவங்க எழுந்திரிக்க முடியல. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, மூணு மணி நேரம் யாராவது வரட்டும்னு உட்கார்ந்திருக்காங்க. அப்புறம்தான் ஒவ்வொண்ணா உறைக்குது எனக்கு. கல்யாணத்துல பந்திக்குப் போகாம “விரதம்”னு சொன்னது, கோயில்ல தூண் ஓரமாவே நின்னது, பேத்தியை மடியில தூக்காம நாற்காலியில இருந்தே கொஞ்சினது… அத்தனையும் அதுதான்.

தம்பி சொன்னான், “அம்மா, இந்த எந்திரத்துல இழுங்க, கால் பலப்படும்”னு. நானும் நம்பினேன். அம்மாவும் நாப்பது நாள் மண்டலம் மாதிரி இழுத்தாங்க. அந்தத் திரையில 500 மீட்டருக்கு எத்தனை நிமிஷம்னு காட்டும். அம்மாவுக்கு நாலு நிமிஷம். கணக்குப் போட்டா 25 வாட். ஒரு சின்ன பல்பு. நாப்பதாவது நாளும் அதே நாலு நிமிஷம், அதே பல்பு. மூச்சு கொஞ்சம் நல்லா ஆச்சு, பொய் சொல்லல. ஆனா அந்த இருக்கை தரையிலேர்ந்து 14 அங்குலம்தான். அதுலேர்ந்து எழுந்திரிக்கவே ரெண்டு பேரு கை கொடுக்கணும்! பயிற்சி முடிஞ்சு இறங்குறதுதான் அம்மாவுக்குப் பெரிய பயிற்சியா இருந்துச்சு.

ஏன் பலம் ஏறல? இங்கதான் நடுவர் ஐயா, என் கட்சியே இருக்கு. காத்து இருக்கே, அது ரொம்ப நல்ல மனுஷன். நீங்க வேகமா இழுத்தா வேகமா எதிர்க்கும். மெதுவா இழுத்தா “சரிங்க”ன்னு விட்டுடும். 500 மீட்டரை ரெண்டரை நிமிஷத்துல இழுக்கிறவன் 104 வாட் கொடுக்கிறான். ரெண்டு நிமிஷத்துல இழுக்கிறவன் 203 வாட். அரை நிமிஷம் குறைய சக்தி ஏறக்குறைய ரெட்டிப்பு! இளவட்டம் வெறியோட இழுப்பான், அவனுக்கு எந்திரம் மலையா நிக்கும். எங்கம்மாவுக்கு வெறி ஏது? நோகாம இழுப்பாங்க, அதுவும் நோகாம விட்டுடும். நீங்க கொடுக்கிறதைத்தான் அது வாங்கிக்கும். உங்ககிட்ட எதையும் கேட்காது.

இரும்பு அப்படியா? ரெண்டு கிலோன்னா ரெண்டு கிலோ. வயசானவங்கன்னு அதுக்கு இரக்கம் கிடையாது. போன வாரம் ரெண்டு, இந்த வாரம் மூணுன்னா அந்த ஒரு கிலோவுக்கு உடம்பு பதில் சொல்லியே ஆகணும். இரும்பு கேட்குது ஐயா! கேட்டாத்தான் தசை கொடுக்கும். (கைதட்டல்)

“வயசானவங்க எடை தூக்குறதா?”ன்னு எதிரணியில ஒரு நண்பர் சிரிச்சார். அவருக்கு ஒரு சேதி. 1990ல அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல ஒரு முதியோர் இல்லம். மரியா ஃபியாட்டரோன்னு ஒரு மருத்துவர். தொண்ணூறு வயசை ஒட்டின, தளர்ந்து போன பத்துப் பேரைச் சேர்த்து, காலுக்கு எடை வச்சு நீட்டி மடக்கச் சொன்னாங்க. விளையாட்டுக்கு இல்ல, அவங்க தூக்க முடிஞ்சதுல பெரும் பங்கு எடை. எட்டு வாரம். கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடிடுச்சு. நடக்கிற வேகமும் கூடிச்சு. தொண்ணூறு வயசுல ஐயா! தசைக்கு ஜாதகம் பார்க்கத் தெரியாது.

இன்னொண்ணு. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷம் மூச்சு வாங்குற உழைப்பு வேணும்னு சொல்லுதுன்னு சகோதரி காகிதத்தை எடுத்துப் படிச்சாங்க. சரியாத்தான் படிச்சாங்க. ஆனா பாதியில நிறுத்திட்டாங்க! அதே 2020ஆம் வருஷத்து அறிவுரையில, வாரத்துல ரெண்டு நாளாவது தசையைப் பலப்படுத்துற பயிற்சி தனியா செய்யணும்னும் இருக்கு. அறுபத்தஞ்சு தாண்டினவங்க விழாம இருக்கிறதுக்கான பயிற்சியும் சேர்க்கணும்னு இருக்கு. அந்தக் காகிதத்தை எங்கிட்ட கொடுங்கம்மா, மீதியை நான் படிக்கிறேன். (சிரிப்பு)

தத்து போகனாளைச் சொன்னாங்க. நாசிக் மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை, ராணுவத்துல சேர்ந்து துடுப்புப் பிடிச்சு, 2016 ரியோ ஒலிம்பிக்ல 13ஆவது இடம், 2018 ஆசிய விளையாட்டுல நால்வர் படகுல தங்கம். தலை வணங்குறேன். நானும் எங்க வேலூர் சதீஷ் சிவலிங்கத்தைச் சொல்லலாம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல ஒரே மூச்சுல தலைக்கு மேல 149 கிலோ, ரெண்டு வீச்சுல 179 கிலோ, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம், 2018லயும் தங்கம். ஆனா பதக்கத்தை வச்சு குடும்பத்துக்கு வழி சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் கேட்கிறேன். பெரிய படகோட்டிங்க தண்ணியில இல்லாத நேரம் எங்க இருக்காங்க? துடுப்பு எந்திரத்துல இருக்காங்க, சரி. மீதி நேரம்? எடைக்கூடத்துல! குனிஞ்சு இரும்பைத் தூக்கிக்கிட்டு இருக்காங்க. துடுப்புக்காரருக்கே இரும்பு வேண்டியிருக்கு. இரும்புக்காரர் என்னைக்காவது துடுப்பு கேட்டு அழுதாரா?

நடுவர்: அவருக்கு மூச்சு வாங்கும்போது அழுவார்னு அவங்க சொல்வாங்க!

சொல்லட்டும் ஐயா, அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. அதான் தம்பி எந்திரத்தை நான் விக்கச் சொல்லல.

அம்மாவுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் பொண்ணு வந்தா. ரத்த அழுத்தம் பார்த்தா, டாக்டர்கிட்ட கேட்டா, “தூக்குறப்ப மூச்சை மட்டும் அடக்காதீங்க பாட்டி”ன்னா. எந்த ஜிம்முக்கும் கூட்டிட்டுப் போகல. கட்டில் விளிம்புல உட்கார்ந்து கை ஊணாம எழுந்திரிக்கணும், எட்டுத் தடவை. அது சுலபமானதும் மார்போட ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ரெண்டு. அப்புறம் கட்டிலுக்குப் பதிலா நாற்காலி. அப்புறம் நாலு கிலோ டம்பெல். அப்புறம் முக்காலி. எடை ஏற ஏற உட்காருற இடம் இறங்கிக்கிட்டே வந்துச்சு. வாரத்துல ரெண்டே நாள். அம்மா திட்டுவாங்க, “உப்பைச் சுமக்கவாடா என்னைப் பெத்தாங்க”ன்னு. ஆனா அடுத்த வாரம் அவங்களே கேட்பாங்க, “இன்னைக்கு என்ன எடைடீ?”ன்னு.

ஆறாவது மாசம், எங்க சித்தி வீட்டுக் கல்யாணம். ஊர்ப் பந்தி, தரையில பாய், வாழையிலை. நான் அம்மாவுக்கு நாற்காலி தேடிக்கிட்டு இருக்கேன். திரும்பிப் பார்க்கிறேன், அம்மா பந்தியில சித்தி பக்கத்துல சம்மணம் போட்டு உட்கார்ந்தாச்சு. எனக்குச் சோறு இறங்கல. எழுந்திரிக்கிறப்ப என்ன ஆகுமோன்னு அவங்களையே பார்த்துக்கிட்டு இருந்தேன். பாயசம் ரெண்டாவது தடவை வாங்கினாங்க. இலையை மடிச்சாங்க. ஒரு கையைத் தரையில ஊணி, ஒரு காலை முன்னால வச்சு… எழுந்துட்டாங்க. எழுந்து நின்னு, சித்திக்குக் கை கொடுத்து அவங்களையும் தூக்கிவிட்டாங்க ஐயா!

மணி அடிச்சுட்டீங்க. (நீண்ட கைதட்டல்)