வாங்கிய தண்டத்துக்குச் சட்டம் எங்கே?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பள உயர்வைப் பற்றியும் வீட்டுரிமையைப் பற்றியும் பேசிப் பழகிய நம் மேடையில் இன்று போக்குவரத்து அபராதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இது தொழிற்சங்கம் பேச வேண்டிய விஷயமா?" என்று சிலர் நினைக்கலாம். பேச வேண்டிய விஷயந்தான்.

பிள்ளையைப் பள்ளியில் விட, ஆஸ்பத்திரிக்குப் போக, மாதச் சாமான் வாங்க, நம்மில் பெரும்பாலோருக்கு மோட்டார் சைக்கிள் இல்லாமல் முடியாது. பட்டணத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், அதில் ஒரு சீட்டு செருகியிருக்கிறது. அந்தக் காசு எங்கிருந்து போகிறது? நம் சம்பளத்திலிருந்து போகிறது. 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆக்கப்பட்டது. அதை 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 65 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் வரும். தண்டம் 30 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், இருட்டோடு எழுந்து பால் வெட்டியதில் ஏறக்குறைய அரை நாள் போய்விட்டது.

ஒன்றை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். குற்றம் செய்தவர் தண்டம் கட்டத்தான் வேண்டும். தீயணைப்பு வண்டி போகும் வழியை மறித்து நிறுத்தியவருக்காக நாம் வாதாட வரவில்லை. நாம் கேட்பது வேறு. தண்டம் வாங்குகிறவர் எந்தச் சட்டத்தின் கீழ் வாங்குகிறார்? அந்தச் சட்டம் சொன்ன முறைப்படி வாங்குகிறாரா?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு என்ன சொல்கிறது? அந்தச் சட்டம் அனுமதித்தபடி அல்லாமல் தொழிலாளியின் சம்பளத்தில் முதலாளி எதையும் பிடிக்கக் கூடாது என்கிறது. துரை கோபப்பட்டார், கிராணி எழுதிவிட்டார் என்பதெல்லாம் பிடித்தத்துக்குக் காரணம் ஆகாது. தோட்டத்து ஆபீசுக்குப் பொருந்துகிற இந்த நியாயம் நகராண்மைக் கழகத்துக்கும் பொருந்தும். காசு வாங்குகிற கை சட்டத்தைக் காட்ட வேண்டும்.

தோழர்களே! இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். அங்கே 1991ஆம் ஆண்டுச் சட்டம், வண்டி நிறுத்தும் குற்றங்களைப் போலீஸ் கையிலிருந்து எடுத்து, நகர மன்றங்களே தண்டம் விதித்து வசூலிக்க வழிசெய்தது. தண்டச் சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் அந்தச் சட்டமே சொன்னது. லண்டனைச் சேர்ந்த பார்னெட் நகர மன்றம் கொடுத்த சீட்டில், குற்றம் நடந்த தேதியும் சீட்டு கொடுத்த தேதியும் தனித்தனியே சட்டம் கேட்டபடி இல்லை. 28 நாளுக்குள் கட்ட வேண்டும், 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை என்ற கெடுவெல்லாம் சீட்டின் தேதியிலிருந்தே எண்ணப்படும். அந்தத் தேதி இல்லாமல் எப்படி எண்ணுவது?

மேல்முறையீட்டு அதிகாரி வண்டிக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மன்றம் விடவில்லை, உயர்நீதிமன்றம் போயிற்று. "இதனால் வண்டிக்காரருக்கு என்ன நஷ்டம்?" என்று வாதாடியது. 2006 ஆகஸ்டில் நீதிபதி ஜாக்சன் அந்த வாதத்தைத் தள்ளினார். நஷ்டம் உண்டா இல்லையா என்பது கேள்வியே அல்ல. சட்டம் விதித்த நிபந்தனை நிறைவேறினால்தான் தண்டம் கட்டும் பொறுப்பே பிறக்கிறது என்றார். தேதி இல்லாத சீட்டு தோற்றது.

அதே பார்னெட் மன்றம் 2011இல் குடியிருப்பாளர்கள் தங்கள் தெருவில் வண்டி நிறுத்தும் அனுமதிக் கட்டணத்தை 40 பவுனிலிருந்து 100 பவுனாக உயர்த்தியது. 2013இல் உயர்நீதிமன்றம் அதுவும் சட்டவிரோதம் என்றது. போக்குவரத்தை ஒழுங்குபடுத்தக் கொடுத்த அதிகாரத்தை உபரி வருமானம் சேர்க்கும் வழியாக்கக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். ஒழுங்குக்குக் கட்டணம் உண்டு. கஜானாவை நிரப்பக் கட்டணம் இல்லை.

சரி, ஏற்கனவே கட்டிவிட்ட காசு என்ன ஆகும்? இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் தண்டத்தைக் கட்டிவிட்டால் அந்த விவகாரம் முடிந்ததாகக் கொள்வது வழக்கம். கட்டாமல் எதிர்த்து நின்றவருக்குக் கிடைத்த நீதி, அவசரப்பட்டுக் கட்டியவருக்கு எளிதில் கிடைக்காது. ஆனாலும் கதவு முழுவதும் மூடப்படவில்லை. வூல்விச் என்ற வீட்டுக்கடன் சங்கம், 1986இல் வரி இலாகா கேட்ட ஏறக்குறைய 5 கோடியே 70 லட்சம் பவுனை ஆட்சேபத்துடன் கட்டியது. அந்த வரிவிதி செல்லாது என்று பின்னர் தீர்ப்பாயிற்று. 1992இல் பிரபுக்கள் சபை, அதிகாரமில்லாமல் அரசாங்க அமைப்பு கேட்டு வாங்கிய பணத்தைத் திரும்பப் பெறுவது கட்டியவரின் உரிமை என்று மூவருக்கு இருவர் என்ற கணக்கில் முடிவு செய்தது. பணக்காரச் சங்கம் வாங்கிக் கொடுத்த நியாயந்தான். ஆனால் நியாயத்துக்குப் பணக்காரன், ஏழை என்ற பேதம் கிடையாது.

அந்தத் தீர்ப்புகள் நம் நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்த மாட்டா, வழிகாட்டலாம், அவ்வளவே. நம்மிடம் நம் சட்டமே இருக்கிறது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவைப் பாருங்கள். தவறுதலாகவோ வற்புறுத்தலாலோ கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அதற்கு உதாரணமும் சட்டத்திலேயே இருக்கிறது. ரயில்வே கம்பெனி சட்டத்துக்கு மேல் கூலி கேட்டுச் சரக்கைத் தர மறுக்கிறது. சரக்குக்காரர் வேறு வழியின்றிக் கட்டி எடுத்துப் போகிறார். சட்டத்துக்கு மேல் வாங்கிய தொகையை அவர் திரும்பப் பெறலாம். இழுத்துச் சென்ற வண்டியை விடுவிக்க, கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிற தொழிலாளியின் நிலையும் இதற்கு வெகுதூரமில்லை.

ஆகையால் தோழர்களே, நாம் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள், வாசியுங்கள். இடம், தேதி, நேரம், வண்டி எண், சட்டப் பிரிவு எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டாவது, அன்றைக்கே அந்த இடத்தைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். அறிவிப்புப் பலகை மரக்கிளையில் மறைந்திருந்ததா? மஞ்சள் கோடு அழிந்து கிடந்ததா? நாளைக்குப் போனால் கோடு புதிதாகப் பூசப்பட்டிருக்கலாம்.

மூன்றாவது, கெடு முடியுமுன் ஆட்சேபத்தைத் தேசிய மொழியில் எழுதிக் கொடுத்து, நகலில் ஆபீசு முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

நான்காவது, சமரசத் தண்டம் என்பது, கட்டினால் வழக்குப் போடமாட்டோம் என்ற அழைப்புத்தான். மறுத்தால் நீதிமன்றம் போகலாம். அங்கே குற்றத்தை நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு. ஆனால் நிரூபித்துவிட்டால் தண்டம் கூடுதலாகவும் ஆகலாம். ஆதாரம் கையில் இல்லாமல் வீறாப்புக்காக மறுக்காதீர்கள்.

ஐந்தாவது, கட்டியே தீர வேண்டிய நெருக்கடி வந்தால், "ஆட்சேபத்துடன் கட்டுகிறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

ஆறாவது, காலத்தைக் கடத்தாதீர்கள். உயர்நீதிமன்றத்தில் சீராய்வு கேட்க 3 மாதமே கெடு. அரசாங்க அமைப்புகள்மீது வழக்குத் தொடுக்க 36 மாதம் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. 5,000 ரிங்கிட்டுக்கு மிகாத கோரிக்கைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் வைக்காமலே வழக்காட வழியுண்டு. எந்த வழி பொருந்தும் என்பதைக் கிளைச் செயலாளரிடம் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

"30 ரிங்கிட்டுக்கு இத்தனை அலைச்சலா? ஒரு நாள் லீவு போட்டால் அதைவிட அதிகம் போகுமே!" என்று கேட்கிறீர்கள். ஒருவர் தனியாக அலைந்தால் நஷ்டந்தான். இதைத் தெரிந்துதான் தவறான வசூல் நிலைக்கிறது. ஒரே இடத்தில், ஒரே குறையுள்ள பலகையின் கீழ் 1,000 பேரிடம் 30 ரிங்கிட் வாங்கினால் அது 30,000 ரிங்கிட். தனித்தனியே பார்த்தால் சில்லறை. கூட்டிப் பார்த்தால் கொள்ளை. ஆகவே சீட்டுகளைக் கிளையில் ஒன்றுசேர்ப்போம். ஒரே இடம், ஒரே குறை என்று தெரிந்தால் ஒரே மனுவாக எழுதுவோம். பத்துப் பேருக்காக ஒருவர் போனால் ஒன்பது பேர் சம்பளம் மிச்சம்.

இன்னொரு காரணமும் உண்டு. 1965இல் நம் நாட்டில் நகராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அடியோடு எடுத்துவிட்டது. நகராண்மைக் கழக உறுப்பினர்கள் இன்று நியமனம் பெற்றவர்கள். ஓட்டால் கணக்குக் கேட்க முடியாத இடத்தில், மனுவாலும் சட்டத்தாலுந்தான் கணக்குக் கேட்க முடியும்.

தாய்மார்களே, தோழர்களே! அதிகாரியோடு சண்டை போட வேண்டாம். சீட்டு எழுதுகிறவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்தான். மரியாதையாகக் கேட்போம், எழுத்தில் கேட்போம், சேர்ந்து கேட்போம். சட்டப்படி கொடுக்க வேண்டியதை ஒரு காசு குறையாமல் கொடுப்போம். சட்டமில்லாமல் வாங்கியதை ஒரு காசு விடாமல் திரும்பக் கேட்போம். வீட்டில் கிடக்கும் சீட்டுகளையும் ரசீதுகளையும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள் என்று கேட்டு அமைகிறோம்.