வெள்ளெழுத்தும் முதலெழுத்தும்



எவர் நினைவாக ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோமோ, அவர் பகலில் பள்ளிக்கூட வாத்தியார். இரவில் வீட்டுத் திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு ஊர்க்காரர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அந்தத் திண்ணைக்கு வந்தவர்கள் எல்லாரும், வெளிச்சம் முகத்தில் படாத மூலையாகப் பார்த்து உட்காருவார்களாம். அவருடைய குடும்பத்தார் என்னிடம் சொன்ன இந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் இன்று பேசப்போகிறேன்.

மூலையைத் தேட வைத்தது கூச்சம். வயது வந்தோருக்குக் கல்வி தர உலகில் எத்தனையோ முறைகள் வந்தன. அவற்றில் நிலைத்தவை யாவும் முதலில் இந்தக் கூச்சத்துக்கு வழி கண்டவை. எழுத்தை அதற்குப் பிறகுதான் கையில் எடுத்தன. இதுதான் நான் சொல்ல வந்தது.

நான் தோற்ற வகுப்பு

1988 மே 5 அன்று தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990 பிப்ரவரி 4 அன்று கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த உற்சாகம் மலையைத் தாண்டி நம் பக்கம் வந்து, 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கமாக மூண்டது. அதில் ஒரு சிற்றூருக்குத் தொண்டராகப் போனவன் நான். கல்லூரி முடித்த கையோடு போனேன். எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

முதல் நாள் இருபது பெண்கள் வந்தார்கள். நான் 'அ'வில் தொடங்கினேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 என்று பெருமையாகச் சொன்னேன். நாற்று நட்டுவிட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் போய் 247 என்றால் என்ன ஆகும்? இரண்டாவது வாரம் ஆறு பேர்தான் வந்தார்கள். வராத ஓர் அம்மாவைத் தேடி வீட்டுக்கே போனேன். "என் பேரன் சொல்ற பாட்டையே எனக்கும் சொல்லித் தர்றியே தம்பி, அவன் கைகொட்டிச் சிரிக்கிறான்" என்றார். அவருக்குப் பாடம் கடினமாக இருக்கவில்லை. பேரன் முன்னால் சிறுபிள்ளையாக நிற்பதுதான் கடினமாக இருந்தது.

ஒரு தீவும் ஒரு சிகையலங்காரப் பெண்மணியும்

இதே தவறு வேறோர் இடத்தில் நடந்து, திருத்தப்பட்டும் இருந்ததைப் பின்னாளில் படித்து அறிந்தேன். அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில் ஜான்ஸ் ஐலண்ட் என்றொரு தீவு. அன்று அங்கே கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதியச் சட்ட வாசகத்தைப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. எழுத்தறிவு என்ற பெயரில் வாக்குரிமைக்குப் போட்ட வேலி அது. ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகருக்குப் பேருந்து ஓட்டியவர். பயணிகளுக்குப் பேருந்திலேயே பாடம் சொன்னார். முன்பு அங்கே நடந்த முதியோர் வகுப்புகளில் பெரியவர்களைச் சிறுவர் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் கேலி செய்தார்கள். வகுப்புகள் கலைந்தன.

1957 ஜனவரியில் ஹைலாண்டர் என்ற பள்ளியைச் சேர்ந்த மைல்ஸ் ஹார்ட்டனும் செப்டிமா கிளார்க்கும் வேறு வழியில் போனார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியரைத் தேடவில்லை. பெர்னிஸ் ராபின்சன் என்ற சிகையலங்காரப் பெண்மணியை அழைத்தார்கள். அவர் முதலில் தொடக்கப் பள்ளிப் பாடங்களைக் கடன் வாங்கிக்கொண்டுதான் போனார். போன வேகத்திலேயே அவை பிள்ளை விளையாட்டு என்று கண்டு ஒதுக்கினார். தான் ஆசிரியை இல்லை, சேர்ந்தே கற்போம் என்று சொல்லிவிட்டு, வந்திருந்த 14 பேரிடமும் என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், வாக்காளர் பதிவுக்கான வாசகத்தைப் படிக்க வேண்டும் என்றார்கள். அவையே பாடத்திட்டம் ஆயின. அந்த ஒரு வகுப்பு குடியுரிமைப் பள்ளிகளாகத் தெற்கு மாநிலங்களெங்கும் கிளைவிட்டது. வாக்காளர் பதிவுக்கான எழுத்தறிவுத் தேர்வுகளை 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் நிறுத்தி வைத்தது.

தலைமுடியைத் திருத்துகிறவரிடம் யாரும் கூச்சப்படுவதில்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மனதில் உள்ளதையெல்லாம் கொட்டுவார்கள். கேட்கத் தெரிந்த காது அவருக்கு அந்தத் தொழிலிலேயே வாய்த்திருந்தது என்பது என் எண்ணம்.

ஒரு சொல்லுக்குள் ஓர் ஊர்

பிரேசில் நாட்டின் பவுலோ ஃபிரேயரைப் பற்றி இங்கே பலரும் அறிவீர்கள். 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தந்தார். மறு ஆண்டு ராணுவ ஆட்சி வந்தது. அவரைச் சிறையில் போட்டது. பிறகு அவர் நாட்டையே விட்டுப் போக வேண்டியதாயிற்று. எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்மேல் ஏன் இத்தனை அச்சம்? அவர் எழுத்தோடு தொடங்காமல் கற்போர் வாழ்வில் புழங்கும் சொல்லோடு தொடங்கினார். செங்கல்லைக் குறிக்கும் சொல் ஒன்று. யார் சுமக்கிறார்கள், யார் வீடு கட்டுகிறார்கள், சுமப்பவருக்கு வீடு உண்டா என்று பேச்சு வளரும். அதற்குப் பிறகே சொல்லைப் பிரித்து எழுத்தைக் காட்டுவார்.

நம் ஊருக்கு வாருங்கள். 'பட்டா' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்து பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, யார் பெயருக்கு மாறவில்லை, தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை என்று வகுப்பே பேசும். பேசி முடித்தவர் முகத்தில் கூச்சம் இருக்காது. அந்த நேரத்தில் 'ப'வையும் 'ட'வையும் காட்டினால் கண் பலகையை விட்டு நகராது. ட, ப, ம ஆகிய மூன்றும் வடிவில் ஒன்றுக்கொன்று உறவு. ஒரு கோட்டை இழுத்தால் ஒன்று மற்றொன்றாகும். புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது பெரிய வித்தையே இல்லை. காலைத் துணையெழுத்தாகச் சேர்த்தால் பா, டா, மா. 247இன் மலை, இப்படி ஒரு படி ஒரு படியாகத் தாழ்கிறது.

சைக்கிள் சொன்ன பாடம்

புதுக்கோட்டை இயக்கத்தை நினைத்தால் சைக்கிள் நினைவுக்கு வராமல் இருக்குமா? அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுத்தருவது அறிவொளியின் பகுதியாயிற்று. எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று அன்று கேட்டவர்கள் உண்டு. கேலியும் இருந்தது. பெண்கள் பொருட்படுத்தவில்லை. ஆண்கள் ஓட்டும் சைக்கிளையும் வாங்கி ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்க அதுதான் தோதாக இருந்தது. இதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

நான் கண்டதைச் சொல்கிறேன். தெருவில் நாலு பேர் பார்க்கச் சைக்கிளிலிருந்து விழுந்து, முட்டியைத் தட்டிவிட்டு எழுந்த பெண், மறுநாள் வகுப்பில் 'ழ'வைத் தப்பாக எழுத அஞ்சவில்லை. ஊரறிய விழுந்து எழுந்தாயிற்று, பலகையில் விழுவதற்கு என்ன! அந்த ஆறு பேர் பதினெட்டானது சைக்கிள் வந்த பிறகுதான். என் திறமை என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

கண்ணும் கையும் நேரமும்

இனி, நூல்களில் சிறு எழுத்தில்கூட அரிதாகவே வரும் செய்திகள். நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்கு வெள்ளெழுத்து வரும். தமிழ் இதற்கு எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறது பாருங்கள்! படித்தவர்களாகிய நாம் கண்ணாடி போட்டுக்கொள்கிறோம். எழுத்தையே பார்த்திராதவருக்கு, தன் கண் மங்கியிருப்பது தெரிய வழியில்லை. புத்தகம் கலங்கித் தெரிந்தால் "எனக்கு மண்டையில ஏறாது" என்று முடிவு கட்டிவிடுகிறார். மங்கல் விளக்கில் மூளையைக் குறை சொன்ன வகுப்புகள் எத்தனையோ! முதல் வாரமே கண்ணைச் சோதித்து, வாசிப்புக் கண்ணாடி கொடுப்பதைவிட மலிவான கற்பித்தல் முறை வேறில்லை.

கதிர் அறுத்த கை பென்சிலை அரிவாள்போல இறுக்கிப் பிடிக்கும், முனை ஒடியும். ஒடிந்தால் நாம் சிரிக்கக்கூடாது, அவ்வளவுதான். நேரத்தையும் அவர்களே குறிக்கட்டும். நடவுக்காலத்தில் வகுப்பை வைத்துவிட்டு, வரவில்லை என்று குறிப்பேட்டில் எழுதுவது நியாயமில்லை. கணக்கைப் பொறுத்தவரை, முழக்கணக்கில் பூ விற்பவரிடம் கூட்டல் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் மனக்கணக்கைத் தாளில் இறக்கக் குறிகளைக் காட்டினால் போதும்.

கற்றது நிற்க

முழு எழுத்தறிவு விழா முடிந்து பந்தல் பிரித்த பிறகுதான் உண்மையான சோதனை. படிக்க எதுவும் கிடைக்காவிட்டால் புதிதாய்க் கற்ற எழுத்து ஓரிரு ஆண்டுகளில் மறந்துபோகும். எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வனின் 'இருளும் ஒளியும்' அறிவொளி நாட்களின் வெளிச்சத்தையும் அயர்வையும் ஒருசேரப் பதிந்த நூல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பெண்களில் 73.44. அதாவது, ஏழு வயதும் அதற்கு மேலுமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர் அன்று திண்ணை மூலையில்தான் இருந்தார்கள். இன்று கூச்சம் புது இடங்களில் குடியேறியிருக்கிறது. வங்கி இயந்திரத்தின் முன்னால் அட்டையை நீட்டி "கொஞ்சம் எடுத்துக் குடுப்பா" என்று முன்பின் அறியாதவரிடம் ரகசிய எண்ணையும் சொல்லும் இடத்தில் அது நிற்கிறது. ரேஷன் கடையில் படித்த நாமும் விரல் வைக்கிறோம். கல்லுடைத்துத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காமல் திருப்பி அனுப்புகிறது. இன்று வகுப்பு தொடங்குவோர் 'பட்டா'வோடு இந்தத் திரைகளையும் பாடமாக எடுக்க வேண்டும்.

என் பழைய வகுப்புக்கு ஒருமுறை திரும்புகிறேன். கையெழுத்துப் பழகும் நாள். தந்தையோ கணவரோ, அவர் பெயரின் முதலெழுத்தைப் போட்டுத் தம் பெயரை எழுதச் சொன்னேன். பேரன் சிரித்த அந்த அம்மா, பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்: "மொத எழுத்து அவுக பேரா தம்பி? இத்தனை நாள் கழிச்சு எழுதுறேன். எம் பேரு எதுல ஆரம்பிக்குதோ அதுதானே எனக்கு மொத எழுத்து?"

இலக்கணத்தில் முதலெழுத்து முப்பது என்று படித்தவன் நான். பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் தம் பெயரை மட்டும் எழுதினார். விளக்கின் நேர் கீழே உட்கார்ந்துதான் எழுதினார்.