அடைக்கலமும் விசாரணையும்



பிற நாட்டிலிருந்து வந்து நம்மிடையே வாழ்வோரைப் பற்றிய சட்டங்களை மனிதத்தன்மையோடு திருத்தியமைப்பதில் சமய சமூகங்களுக்கு உள்ள கடமை யாது என்று ஆராய்வதற்காகக் கூடியிருக்கும் இக்கருத்தரங்கிற்குத் தலைமை தாங்கும் பொறுப்பை என்னிடம் ஒப்புவித்த அமைப்பாளர்களுக்கு என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். இதற்குத் தாம்பரத்தைத் தேர்ந்தெடுத்தது மிகவும் பொருத்தமான காரியம். 1937-ஆம் ஆண்டில் சென்னைப் பட்டணத்தின் நெருக்கடியை விட்டு இங்கே குடிபெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்தில், மறு ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஏறத்தாழ எழுபது நாடுகளின் பிரதிநிதிகள் ஜான் மாட் அவர்களின் தலைமையில் கூடி நடத்திய சர்வதேச மிஷனரி மாநாட்டைப் பற்றிச் சமய ஆராய்ச்சியாளர் அனைவரும் அறிவர். கிறிஸ்தவத்திற்கும் பிற சமயங்களுக்கும் உள்ள உறவு குறித்து இறையியலறிஞர் கிரேமர் ஒரு பக்கமும், நம் சென்னைப் பெருமகனார் செஞ்சையாவைப் போன்றோர் மறுபக்கமும் நின்று நடத்திய வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அம்மாநாடு சீன நாட்டில் நடப்பதற்கென்று முதலில் திட்டமிடப்பட்டதையும், ஜப்பானியப் படையெடுப்பினால் அது இயலாமற்போகவே இங்கு மாற்றப்பட்டதையும் நினைவுகூர்வோர் சிலரே. அதே ஆண்டு ஜூலை மாதத்தில் பிரான்சு தேசத்து எவியான் நகரில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்ட யூத ஜனங்களை யார் ஏற்பது என்று பலநாள் ஆலோசித்து, டொமினிக்கன் குடியரசு நீங்கலாக எவரும் கதவைத் தாராளமாகத் திறவாமலே கலைந்து சென்றார்கள் என்பதையும் சேர்த்து நினைக்கும்போது, சமயங்கள் தம்முள் எவ்வாறு உறவாடுவது என்ற வினாவைவிட, வீடிழந்து வந்தவனுக்கு எல்லாச் சமயங்களும் சேர்ந்து செய்யவேண்டியது என்ன என்ற வினாவே அவசரமானதென்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வினாவிற்கு நம் தமிழில் மிகப் பழமையான ஓர் ஆதாரம் உண்டு. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையை நாம் பெரும்பாலும் கதையின் ஓட்டத்தில் கடந்து சென்றுவிடுகிறோம். புகாரிலிருந்து மதுரைக்கு வந்த கோவலனும் கண்ணகியும் பொருளும் உறவும் அற்ற புதுக்குடியினர். வேறொரு மன்னனின் நாட்டார். அவர்களுக்காகப் பரிந்து பேசியவர் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி. தம் மனையில் இடங்கொடுத்தவள் மாதரி என்னும் ஆயர்குலப் பெண். அடிகள் வணங்கிய கடவுள் வேறு, ஆய்ச்சியர் குரவையாடிப் பரவிய கடவுள் வேறு. வந்தவர்களை நோக்கி நீங்கள் எந்தச் சமயத்தார் என்று அவ்விருவரும் கேட்டதாகக் காப்பியம் கூறவில்லை. மாதரி தன் கடமையில் ஓர் அணுவளவும் குறை வைக்கவில்லை. மனை கொடுத்தாள், சமைக்கப் பண்டங்கள் கொடுத்தாள், தன் மகள் ஐயையைத் துணையாகக் கொடுத்தாள். இவ்வளவு செய்தும் கோவலன் மாண்டான். ஏன் மாண்டான்? அவள் கொடுத்த அடைக்கலம் அவள் வீட்டு வாயிலோடு நின்றது; அதற்கப்பால் பாண்டிய அரசனின் ஆணை நடந்தது; அந்த அரசன் அயலூரானை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. செய்தி அறிந்த மாதரி தீயில் வீழ்ந்து உயிர் விட்டாள், கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார் என்று இளங்கோவடிகள் சொல்லும்போது, அறம் செய்தவர்களின் அறம் அரசவை வரையில் எட்டாதபோது அவர்களுக்கு நேரும் மனவேதனை எத்தகையதென்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தாரென்றே நான் கருதுகிறேன்.

இதற்கு நேர்மாறான ஒரு வரலாற்றை இஸ்லாமிய மரபு பாதுகாத்து வைத்திருக்கிறது. மக்காவில் துன்புறுத்தப்பட்ட முதல் முஸ்லிம்கள் சிலர், ஏறத்தாழ கி.பி. 615-இல், கடல் கடந்து அபிசீனியாவில் கிறிஸ்தவ அரசரான நஜ்ஜாஷியிடம் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களைத் திருப்பியனுப்பவேண்டுமென்று மக்காவின் தூதர்கள் பரிசுப் பொருள்களோடு வந்து கேட்டபோது, அரசர் அகதிகளையும் அவைக்கு அழைத்து, ஜஅஃபர் என்பவரின் வாய்மொழியைக் கேட்டு, அதன்பின் தூதர்களை வெறுங்கையோடு திருப்பினார். பாண்டியன் செய்யத் தவறியதை அபிசீனிய மன்னர் செய்தார். வந்தவன் சொல்வதைக் கேட்டபின் தீர்ப்பளிப்பது என்பதற்குமேல் மனிதத்தன்மையுள்ள குடியேற்றச் சட்டத்திற்கு நான் வேறு இலக்கணம் தேடவில்லை.

இந்த அளவுகோலை நம் காலத்திற்கு எடுத்து வருவோம். 1948-இல் இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டத்தினால், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ 7 லட்சம் பேர் எந்த நாட்டிற்கும் உரியரல்லாதவராயினர். அதை எதிர்த்து நின்ற இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகம் கிறிஸ்தவர். அவர் யாருக்காகப் பேசினாரோ அந்தத் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் இந்துக்கள், அவருடைய தொகுதியினரும் அல்லர். அந்தக் கருத்துவேற்றுமையின் காரணமாகத் தம் கட்சியையே துறந்து 1949-இல் வேறொரு கட்சியை அவர் நிறுவினார். பிறகு 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவிற்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இத்தனை லட்சம் ஜனங்களின் வாழ்வைத் தீர்மானித்த அந்த மேசையில், அவர்களில் ஒருவரும் உட்காரவில்லை.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் கடல் கடந்து வந்தோரை மண்டபம் முகாம் ஏற்றது. ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலிகளை நோய்த் தடுப்பிற்காகத் தங்கவைத்த அதே இடம், அவர்களின் சந்ததியாரில் சிலர் அனைத்தையும் இழந்து திரும்பியபோது அகதி முகாமாக நின்றது. அதற்குப்பின் அலை அலையாக வந்தோரின் தொகை 3 லட்சத்தைத் தாண்டியது. திரும்பிச் சென்றோர் போக, இன்றும் ஐம்பதாயிரத்திற்கு மேற்பட்டோர் தமிழ்நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றனர். மற்றும் பல்லாயிரவர் முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு, இச்சென்னையிலும் பிற நகரங்களிலும் வாழ்கின்றனர்.

இவர்களுக்குச் சமய சமூகங்கள் செய்த தொண்டு சிறிதன்று. செல்வநாயகத்தின் புதல்வர் சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அகதிகளைக் கொண்டே அகதிகளுக்குக் கல்வியும் மருத்துவமும் தந்தது. பெத்ரோ அருப்பே என்னும் சேசு சபைத் தலைவர் 1980-இல் நிறுவிய அகதிகள் பணிக்குழு, 1990 முதல் நம் முகாம்களில் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்புகள் நடத்தியது. 1991 மே 21-இல், இங்கிருந்து அதிக தூரமில்லாத ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்ந்த முன்னாள் பிரதமரின் கொடுங்கொலைக்குப் பின், முகாம்கள் மீது சந்தேகத்தின் நிழல் படிந்து, தொண்டு நிறுவனங்களின் வரவுக்கும் கட்டுப்பாடு வந்தபோதும் அப்பணி அடியோடு நின்றுவிடவில்லை. அந்தக் கொலை நாட்டிற்கு உண்டாக்கிய காயத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. எல்லையைக் காக்கவும், வருவோரைப் பதிவு செய்யவும் அரசுக்கு உரிமையில்லையென்றும் சொல்லவில்லை. ஒரு சிலரின் குற்றத்திற்காக, அக்குற்றத்தின் காலத்தில் பிறந்தேயிராத குழந்தைகள் வரை எல்லோரையும் காவல்துறையின் கியூ பிரிவின் பதிவேட்டில் ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைப்பதை எந்த தர்மமும் ஒப்பாது என்றே சொல்கிறேன்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டங்களை அறிவித்தார். பழுதடைந்த வீடுகளுக்கு மாற்றாக 7,469 வீடுகள் கட்டித்தருவது அவற்றுள் ஒன்று. இது போற்றத்தக்கது. ஆயினும் மாதரியின் மனையைப்போலவே, இந்த வீடுகளும் வாயிலோடு நிற்கின்றன. நம் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பினாலேயே குடிமகனாவார். அதற்குப்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பருக்குப்பின் பிறந்தவருக்கு மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதிருத்தலும் வேண்டும். ஆகவே 1988-இல் ஒரு முகாமில் பிறந்து, நம் பள்ளிகளில் படித்து, நம் பாஷையையே பேசி, நாற்பது வயதை நெருங்கும் ஒருவர், தாம் கண்ணாலும் காணாத ஒரு தேசத்தின் பிரஜையாகவே கருதப்படுகிறார். உயிருக்கு அஞ்சிப் படகேறிய அவருடைய தாய், கடவுச்சீட்டு இல்லாமல் வந்தமையால், சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதக் குடியேறி. அப்பெயர் பெற்றவர் பதிவின் மூலமாகவோ நீண்டகால வாசத்தின் மூலமாகவோ குடியுரிமை கேட்பதற்கும் வழியில்லை.

1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், மேற்சொன்ன முதல் விதியின்படி தாம் இந்தியரே என்று மதுரை உயர்நீதிமன்றக் கிளையை நாடி, 2022-இல் கடவுச்சீட்டு பெறும் உரிமையை நிலைநாட்டி, 2024 பாராளுமன்றத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். அதே நீதிமன்றக் கிளை 2019 ஜூனில், இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேரின் வழக்கில், அவர்கள் குடியுரிமை கோரி விண்ணப்பிக்கலாமென்றும், அதை அரசு பரிசீலிக்கவேண்டுமென்றும் கூறியது. இவை வாதாடி வென்ற சிலரின் கதைகள். வாதாடப் பொருளும் துணையும் இல்லாத பல்லாயிரவருக்கு, 1955-இன் குடியுரிமைச் சட்டமே திருந்தினாலன்றி விடிவில்லை.

அச்சட்டம் 2019 டிசம்பரில் திருத்தப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து, 2014-ஆம் ஆண்டின் முடிவுக்குள் வந்த ஆறு சமயத்தாருக்கு அது வழி திறந்தது. இலங்கையின் பெயர் அதில் இல்லை, முஸ்லிமின் பெயரும் இல்லை. 2025 செப்டம்பரில் வெளியான மற்றோர் ஆணை, 2015 ஜனவரி 9-க்குள் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, கடவுச்சீட்டு இல்லாமையால் வரும் தண்டனையிலிருந்து விலக்கியது. இது உண்மையான ஆறுதல். ஆனால் தண்டிக்கமாட்டோம் என்பது வேறு, நீ எங்களவன் என்பது வேறு.

இங்கே என் மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் சொல்கிறேன். நம்முடைய சமய ஸ்தாபனங்கள் பல, 2019-இன் திருத்தத்தைப் பற்றிப் பேசும்போது தத்தம் சமயத்தாரின் பெயர் பட்டியலில் உண்டா இல்லையா என்றே பெரும்பாலும் பார்த்தன. ஈழத்து இந்துவுக்காக வாதாடுவோர் கேளம்பாக்கத்தை எட்டிப் பார்க்கவில்லை. நாம் இருக்கும் இடத்திலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில், அங்கே ஒரு புயல் பாதுகாப்புக் கட்டடத்தில், 1982-இன் பர்மியச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட ரோகிங்கியா முஸ்லிம் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து வருகின்றன. அக்கம்பக்கத்தார் அரிசியும் துணியும் கொடுத்திருக்கிறார்கள். அது மாதரியின் அறம். கவுந்தியடிகளைப்போல் வேறு சமயத்து மேலோர் அவர்களுக்காகப் பகிரங்கமாகப் பேசியது எத்தனை முறை?

பேசினால் பலனுண்டா என்று கேட்போருக்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். 1913-இல் தென்னாப்பிரிக்காவில் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் குடியேற்றச் சட்டத்தின் முன் செல்லாவென்று தீர்ப்பளித்தபோது, தமிழ்ப் பெண்கள் சிறை புகுந்தனர். தில்லையாடி வள்ளியம்மை அதன் விளைவாய் உயிர் நீத்தார். ஆங்கிலத் திருச்சபைக் குருவான ஆண்ட்ரூஸ் கப்பலேறிச் சென்று, தம் சமயத்தாருக்கு மட்டும் சலுகை தந்த அத்தீர்ப்பிற்கு எதிரான போராட்டத்தில் காந்தியடிகளோடு நின்றார். 1914-இன் நிவாரணச் சட்டம் அத்திருமணங்களை அங்கீகரித்தது. மற்றொன்று, 1982 மார்ச்சில் அமெரிக்காவின் டூசான் நகரில், ஜான் ஃபைஃப் என்னும் போதகரின் ஆலயம் எல் சால்வடோர், குவாத்தமாலா அகதிகளுக்குத் தஞ்சமளிப்பதாகப் பகிரங்கமாய் அறிவித்தது. அவரும் தோழர்களும் 1986-இல் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். ஆனால் திருச்சபைகள் அதோடு அடங்கவில்லை. அரசின் மீதே முன்னரே தொடுத்திருந்த வழக்கைத் தொடர்ந்து நடத்தி, 1991-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின் மூலம், முன்பு தள்ளப்பட்ட தஞ்ச மனுக்களை மீண்டும் நியாயமாக விசாரிக்கும்படி செய்தன. ஆலயத்தின் கூரைக்கடியில் தொடங்கிய அடைக்கலம் நீதிமன்றத்தில் விசாரணையாக மலர்ந்தது அங்கே.

நம் தேசம் 1951-இன் அகதிகள் உடன்படிக்கையில் இன்றளவும் கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. நீதியரசர் பகவதியின் தலைமையில் தொண்ணூறுகளிலேயே ஒரு மாதிரிச் சட்டம் வரையப்பட்டது; அது ஏட்டளவில் கிடக்கிறது. சக்மா மக்களின் வழக்கில், உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் விதி குடிமகனல்லாதவனுக்கும் உண்டென்று உச்சநீதிமன்றம் 1996-இல் கூறிய தீர்ப்பு நம் கையில் இருக்கிறது. இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டு, சமயத்தையும் புறப்பட்ட தேசத்தையும் கேளாது, வந்த காரணத்தை மட்டும் கேட்டு விசாரிக்கும் ஒரு சட்டத்தையும், இம்மண்ணில் பிறந்து வளர்ந்த முகாம் பிள்ளைகளுக்குக் குடியுரிமையையும் கோரும் விண்ணப்பம் ஒன்றை இக்கருத்தரங்கு தயாரிக்கவேண்டுமென்பது என் வேண்டுகோள். அதில் ஆதீனகர்த்தர், ஆயர், இமாம் ஆகிய மூவகையினரின் கையொப்பமும் அருகருகே இருக்கவேண்டும். ஒருவர் இல்லையேல் மற்றவர் காத்திருக்கவும் வேண்டும். முகாம்களில் வளர்ந்து இன்று வழக்கறிஞர்களாகவும் ஆசிரியர்களாகவும் தகுதி பெற்றும் வேலை கிட்டாத இளைஞர்கள் சிலர் இவ்வவையில் இருக்கிறார்கள். வரைவு எழுதும் குழுவில் அவர்களுக்குப் பாதி இடத்திற்குக் குறையாமல் ஒதுக்கும்படி அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவர்களும் இசைந்திருக்கிறார்கள்.

காலை அமர்வில் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றிய கட்டுரைகளும், பிற்பகலில் முகாம்களிலிருந்து வந்தவர்களின் வாய்மொழிகளும் இடம்பெறும். வாய்மொழி தருவோருக்கு நேர வரையறை விதிக்கவேண்டாமென்று அமர்வுத் தலைவர்களை வேண்டிக்கொண்டு, முதற் கட்டுரையைப் படிக்குமாறு சட்டத்துறை நண்பரை அழைக்கிறேன்.