கடிதமும் இணைப்பும்



நம் காரைக்கால் 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவ்வாட்சியின் கடைசி ஆண்டுகளில் என் தந்தையார் இவ்வூரில் ஓர் அலுவலகத்தில் இளநிலை எழுத்தராக இருந்தார். பிரெஞ்சு அலுவலகக் கடிதங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கடிதத்துடன் வேறு தாள்களும் செல்லுமாயின், 'பியேஸ் ழுவேந்த்' என்பதன் முதலெழுத்துகளை இட்டு, அவற்றின் எண்ணிக்கையையும் குறிப்பார்கள். 'இணைக்கப்பட்ட தாள்கள்' என்பது அதன் பொருள். மூன்று தாள்கள் என்று எழுதியிருந்தால் உறைக்குள் மூன்று இருக்கவேண்டும். இரண்டும் ஆகாது, நான்கும் ஆகாது. என் தந்தையார் உறையை ஒட்டுமுன் தாள்களை இருமுறை எண்ணுவார். ஒவ்வொரு தாளிலும் உள்ள பெயரை உறையின்மேல் உள்ள பெயருடன் ஒப்பிட்டுப் பார்ப்பார். "ஒட்டும் வரையில்தான் உறை நம்முடையது" என்பது அவர் அடிக்கடி கூறும் சொல்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கும் இந்தப் பழைய வழக்கத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. கணிப்பொறி நிரல் தானே எழுதி அனுப்பும் மின்னஞ்சல்களில் கோப்புகளை இணைப்பது எவ்வாறு, அதில் நாம் காக்கவேண்டிய பொறுப்பு யாது என்பதே அப்பொருள்.

நீங்கள் இணையத்தில் ரயில் பயணச்சீட்டு வாங்குகிறீர்கள். சிறிது நேரத்தில் மின்னஞ்சல் வருகிறது. வங்கியிலிருந்து மாதந்தோறும் கணக்கு விவரம் வருகிறது. இவற்றை எந்த எழுத்தரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. ஒரு நிரல் பெயர்ப் பட்டியலைப் படிக்கிறது. ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதுகிறது. உரிய கோப்பை இணைத்து அஞ்சலில் சேர்க்கிறது. ஆயிரம் எழுத்தர்கள் பல நாள் செய்யவேண்டிய வேலை சில நிமிடங்களில் முடிகிறது. அந்த நிரலை எழுதப்போகிறவர்கள் நாளைக்கு நீங்கள்தாம். ஆகையால் அதன் உள்ளமைப்பை அறிந்துகொள்வது நலம்.

மின்னஞ்சல் பிறந்தபோது அதற்கு எழுத்து மட்டுமே தெரியும். கணிப்பொறிகளின் வலையமைப்பில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அஞ்சல் அனுப்பும் முறையை அமெரிக்காவில் ரே டாம்லின்சன் 1971-இல் செய்து காட்டினார். அஞ்சலைக் கைமாற்றும் விதிகளை 1982-இல் ஜான் போஸ்டல் தொகுத்து வெளியிட்டார். எஸ்.எம்.டி.பி. என்பது அவ்விதிகளின் பெயர். அவ்விதிகளின்படி அஞ்சலில் செல்லத்தக்கவை ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், நிறுத்தக்குறிகள் முதலான 128 குறிகளே. படமோ பாட்டோ நேராகச் செல்ல வழியில்லை. நம் தமிழ் எழுத்துக்கும் அங்கே இடமில்லை.

இந்தக் குறையை நீக்கியவர்கள் நதானியேல் போரென்ஸ்டைன், நெட் ஃபிரீட் என்னும் இருவர். 'மைம்' எனப்படும் விதித்தொகுப்பை அவர்கள் 1992-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளியிட்டனர். அதற்குச் சில திங்கள் முன்னதாக, மார்ச் 11-ஆம் நாள், தாமும் நண்பர்களும் சேர்ந்து பாடிய பாட்டையும் தங்கள் படத்தையும் போரென்ஸ்டைன் அஞ்சலில் இணைத்து அனுப்பிக் காட்டினார். ஊர்தோறும் இருந்த அஞ்சல் கணிப்பொறிகளையெல்லாம் மாற்றாமலேயே இதைச் செய்ததுதான் அவர்களுடைய திறமை. பாதையை மாற்ற இயலாதபோது, செல்லும் பொருளைப் பாதைக்கேற்பக் கட்டி அனுப்பினார்கள்.

அந்தக் கட்டு எத்தகையது? கணக்கு ஆசிரியனாக இருந்தவன் ஆதலால், அதைக் கணக்காகவே சொல்கிறேன். கணிப்பொறியில் எக்கோப்பும் பைட்டுகளின் வரிசையே. ஒரு பைட்டுக்கு எட்டு பிட்டுகள். மூன்று பைட்டுகளை எடுத்துக்கொண்டால் 24 பிட்டுகள். அவற்றை ஆறாறாகப் பிரித்தால் நான்கு கூறுகள் ஆகும். ஆறு பிட்டுகளால் 64 வேறு எண்களைக் குறிக்கலாம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26, சிறிய எழுத்துகள் 26, இலக்கங்கள் 10, கூட்டல் குறியும் சாய்கோடும் 2, ஆக 64. ஆகவே எந்த மூன்று பைட்டுகளையும் அஞ்சல் அறிந்த நான்கு எழுத்துகளாக மாற்றிவிடலாம். பெறுகின்ற கணிப்பொறி அவற்றைத் திரும்பவும் மூன்று பைட்டுகளாக்கும். இதற்கு 'பேஸ் 64' என்று பெயர்.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'காரைக்கால்' என்பதில் நம் கணக்குக்கு ஐந்து எழுத்துகள். கணிப்பொறியோ ககரத்தையும் அதன் காலையும் தனித்தனிக் குறிகளாகக் கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளியும் அதற்குத் தனிக் குறியே. அவ்வாறு எண்ணினால் பத்துக் குறிகள் வரும். இன்று உலகெங்கும் வழங்கும் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். ஆக 30 பைட்டுகள். அதைப் பேஸ் 64 முறையில் கட்டினால் 40 எழுத்துகள். மூன்று நான்காகிறது என்பதை நினைவில் வையுங்கள். 18 மெகாபைட் கோப்பு அஞ்சலில் ஏறும்போது 24 மெகாபைட்டுக்கு மேல் ஆகிவிடும். கோப்பு அளவுக்குள்தானே இருக்கிறது, அஞ்சல் ஏன் திரும்பி வந்தது என்று திகைப்பவர்களுக்கு இதுவே விடை.

ஒரே அஞ்சலில் கடிதமும் பல கோப்புகளும் எவ்வாறு சேர்ந்து செல்கின்றன? ஒரு தடுப்பு வரி அவற்றைப் பிரிக்கிறது. ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் அது படமா, எழுத்தா, பி.டி.எஃப். கோப்பா என்னும் வகையும், கட்டப்பட்ட முறையும், கோப்பின் பெயரும் குறிக்கப்பட்டிருக்கும். கோப்பின் பெயரைத் தமிழ் முதலிய பிற மொழிகளில் எழுதுவதற்கும் 1997-இல் விதி வகுக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் நீங்கள் கையால் செய்யவேண்டியதில்லை. பைதான் போன்ற நிரல் மொழிகளில் இதற்கென ஆயத்தக் கருவிகள் உள்ளன. நிரலில் செய்யவேண்டியவை சிலவே. வெறுங்கடிதம் ஒன்றை உருவாக்கவேண்டும். அனுப்புநர், பெறுநர், பொருள் ஆகியவற்றைக் குறித்துச் செய்தியை எழுதவேண்டும். பிறகு கோப்பைத் திறக்கவேண்டும். பி.டி.எஃப். கோப்பையும் படத்தையும் எழுத்துக் கோப்பாகத் திறந்தால் பிழை நேரும். பைட்டுகளை உள்ளவாறே படிக்கும் முறையில்தான் திறக்கவேண்டும். அடுத்து, 'இணைப்பைச் சேர்' என்னும் கட்டளைக்கு அந்தப் பைட்டுகளையும் வகையையும் கோப்பின் பெயரையும் கொடுக்கவேண்டும். இறுதியில் கடிதத்தை அஞ்சல் கணிப்பொறியிடம் ஒப்படைக்கவேண்டும். பத்துப் பதினைந்து வரிகளில் முடிகிற வேலை.

ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து வரிகளில் என்ன தீங்கு விளையக்கூடும் என்பதை நான் பட்டறிந்தவன். நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில் நடந்தது அது. பள்ளியின் பெயர் வேண்டா. உதவித்தொகைக்கு விண்ணப்பித்த 42 மாணவர்களுக்கு, அவரவர் குடும்ப வருமானச் சான்று அடங்கிய கோப்பை மின்னஞ்சலில் அனுப்பவேண்டியிருந்தது. எங்கள் இளம் ஆசிரியர் ஒருவர் அதற்கு நிரல் எழுதினார். "ஐயா, இன்னும் ஒரு நாள் கொடுங்கள், நன்றாகச் சோதித்துவிடுகிறேன்" என்று அவர் கேட்டார். கடைசி நாள் நெருங்கியதால் நான் இசையவில்லை. பட்டியலில் முதல் மாணவனுடைய அஞ்சலைத் திறந்து காட்டச் சொன்னேன். ஒரு கடிதம், ஒரு கோப்பு, சரியான பெயர். "சரியாகத்தானே இருக்கிறது, தம்பி, அனுப்பிவிடுங்கள்" என்றேன்.

பிழை எங்கே இருந்தது தெரியுமா? ஒவ்வொரு மாணவருக்கும் புதிதாக வெறுங்கடிதம் உருவாக்கவேண்டிய வரி, சுழற்சிக்கு உள்ளே இருப்பதற்குப் பதிலாக வெளியே இருந்தது. ஆகவே 42 பேருக்கும் ஒரே கடிதம்தான். ஒவ்வொரு சுற்றிலும் பெறுநர் பெயர் மாறியது. பழைய இணைப்புகளோ நீங்காமல் அதிலேயே தங்கின. முதல் மாணவனுக்கு ஒரு கோப்பு, இரண்டாமவனுக்கு இரண்டு, கடைசி மாணவிக்கு 42. ஒன்று முதல் 42 வரை கூட்டிப் பாருங்கள். 42 கோப்புகள் செல்லவேண்டிய இடத்தில் 903 கோப்புகள் சென்றுவிட்டன. முதல் அஞ்சலை மட்டும் பார்த்த என் கண்ணுக்கு அது சரியாகவே தோன்றியது. பிழை இரண்டாம் அஞ்சலில்தான் தொடங்கியது.

பட்டியலில் ஏழாவதாக இருந்தவள் ஒரு மீனவக் குடும்பத்துச் சிறுமி. அவளுடைய சான்று அவளுக்குப் பின் இருந்த 35 பேர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் பள்ளிக்கு வரவில்லை. அவள் தாயார்தாம் வந்தார். என் மேசைக்கு எதிரே நின்றுகொண்டே, "ஐயா, எங்கள் வீட்டு வருமானத்தை எழுதிக் கேட்டீர்கள், எழுதிக் கொடுத்தோம். அதை ஊரார் படிக்கும்படி செய்துவிட்டீர்களே" என்றார். அவரை உட்காரச் சொல்லவும் எனக்கு நா எழவில்லை. அன்று மாலையே அந்த வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். 42 வீட்டாருக்கும் நடந்ததை மறைக்காமல் எழுதி, தவறாக வந்தவற்றை அழித்துவிடுமாறு வேண்டினேன். பலர் அழித்திருப்பார்கள். ஆயினும் படித்த கண் படித்ததுதான். அந்தச் சிறுமி மூன்றாம் நாள் வந்தாள். ஆனால் நெடுநாள் வரை வகுப்பில் வாய் திறந்து பேசவில்லை.

நிரலை எழுதியவரை நான் குறை கூறவில்லை. ஒரு வரி இடம் மாறுவது எவருக்கும் நேரக்கூடியது. அதைக் கண்டுபிடிக்க அவர் கேட்ட ஒரு நாளைத் தர மறுத்தவன் நான். என் தந்தையாரின் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை எடுத்துச் சொன்ன நானே, வேண்டிய பொழுதில் எண்ணாமல் உறையை ஒட்டிவிட்டேன்.

அந்நிகழ்ச்சிக்குப் பிறகு நாங்கள் சில கட்டுப்பாடுகளை ஏற்படுத்திக்கொண்டோம். நீங்கள் நிரல் எழுதும் காலத்தில் அவை உங்களுக்கும் பயன்படும். முதலாவது, ஒவ்வொருவருக்கும் கடிதத்தைச் சுழற்சிக்குள் புதிதாகவே உருவாக்கவேண்டும். இரண்டாவது, அனுப்புமுன் இணைப்புகளை நிரலே எண்ணவேண்டும். ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று இல்லையென்றால் நிரல் நின்றுவிடவேண்டும். கோப்பு கிடைக்கவில்லை என்றாலும் அப்படியே. 'இணைத்துள்ளோம்' என்று எழுதி வெறும் உறையை அனுப்புதல் பொய் சொல்வதாகும். மூன்றாவது, கோப்பையும் ஆளையும் பெயரால் பொருத்தாமல் பதிவெண்ணால் பொருத்தவேண்டும். ஒரே வகுப்பில் ஒரே பெயருடையோர் இருவர் மூவர் இருப்பது அரிதன்று. நான்காவது, எல்லா அஞ்சல்களையும் முதலில் நம் சொந்த முகவரிக்கே அனுப்பிப் பார்க்கவேண்டும். முதலாவதை மட்டும் பார்த்தல் போதாது. இரண்டாவதையும் நடுவில் ஒன்றையும் கடைசியையும் திறந்து பார்க்கவேண்டும்.

ஐந்தாவது ஒன்று உண்டு. அதை நிரலுக்குக் கற்பிக்க முடியாது. நமக்கு நாமே கற்பித்துக்கொள்ளவேண்டும். இந்தத் தாள் அஞ்சலில் செல்லத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வதே அது. வங்கிகள் கணக்கு விவரக் கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டி அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். வழி தவறி வேறொருவரிடம் சேர்ந்தாலும் அவர் எளிதில் திறந்து படித்துவிடக்கூடாது என்பதே அதன் நோக்கம். தனிமனிதர் பற்றிய விவரங்களைக் காப்பதற்கென 2023-இல் நம் நாடாளுமன்றம் ஒரு சட்டமும் இயற்றியுள்ளது. சட்டம் தண்டிக்கும் என்பதற்காக அன்று. தம் வீட்டு நிலையை ஒருவர் நம்பி நம் கையில் கொடுத்திருக்கிறார் என்பதற்காகவே நாம் கருத்தாக இருக்கவேண்டும்.

இத்தொழில் நன்மை மிக்கது என்பதில் ஐயமில்லை. நம் காரைக்காலிலிருந்து பிரான்சுக்குச் சென்று வாழும் குடும்பங்கள் பல. முன்பெல்லாம் ஒரு பிறப்புச் சான்றுக்காக வான்வழித் தபாலை எதிர்நோக்கி அவர்கள் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இன்று அதன் படி சில நொடிகளில் போய்ச் சேருகிறது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழ் அன்பர்கள் இணைய வழியாகவே கூடி நம் பழைய நூல்களை மின்பதிப்புகளாக்கினார்கள். தொலைவு என்னும் தடை நீங்கியது பெரும்பேறே. ஆனால் நல்லதை விரைவாகக் கொண்டுசெல்லும் வழி, பிழையையும் அதே விரைவில் கொண்டுசெல்லும். எழுத்தர் ஒருவர் தவறினால் ஓர் உறை தவறும். நிரல் தவறினால் பட்டியல் முழுவதும் தவறும்.

மாணவச் செல்வங்களே, கணிப்பொறிக்கு எண்ணத் தெரியும். ஆனால் எதை எண்ணவேண்டும் என்று நாம்தான் சொல்லவேண்டும். எந்தத் தாள் எந்த வீட்டின் மானம் என்பது அதற்குத் தெரியாது. அது தெரிந்தவர்கள் நாம். ஆகையால், நீங்கள் எழுதும் நிரல் எத்தனை ஆயிரம் உறைகளை ஒட்டினாலும், ஒட்டுமுன் தாளை எண்ணுங்கள், பெயரைப் பாருங்கள். ஒட்டும் வரையில்தான் உறை நம்முடையது.