மனசுக்கு மாத்திரை உண்டா?

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில், 1974-75 பி.யூ.சி. மாணவரும் மனநல மருத்துவருமான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் பண்ணி, "சார், பத்து நிமிஷம் பேசணும், ஆனா யாரையும் பயமுறுத்தாம பேசணும்" என்றார். மனநல டாக்டரை மேடை ஏற்றுவதற்கே ஒரு துணிச்சல் வேண்டும். கீழ்ப்பாக்கம் என்று சொன்னாலே சிரிக்கிற ஊர் நம்ம ஊர். இப்பவும் சிரிக்கிறீங்க பாருங்க! (சிரிப்பு) அந்த ஆஸ்பத்திரியின் சரித்திரம் 1794ல் ஆரம்பிக்கிறது. இருநூறு வருஷத்துக்கு மேலாக நோயாளியைப் பார்த்துவரும் ஓர் இடத்தின் பெயரை நாம் கேலிப் பெயராக்கி வைத்திருக்கிறோம். அந்தக் கேலிக்குப் பயந்துதான் பல வீடுகளில் மாத்திரை அட்டை பீரோவில் புடவைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அந்த அட்டையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

மனச்சோர்வுக்கான முதல் மாத்திரைகளை யாரும் திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. 1952ல் நியூயார்க்கில் ஸீ வியூ என்ற காசநோய் மருத்துவமனையில் இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாவை எதிர்பார்த்துப் படுத்திருந்த காசநோயாளிகள் எழுந்து உட்கார்ந்து, சிரித்துப் பேசி, பசிக்கிறது என்று கேட்டார்கள். 1957ல் நேதன் க்ளைன் அதையே மனச்சோர்வுக்குப் பயன்படுத்தி அறிவித்தார். அதே வருஷம் ஸ்விட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற டாக்டர் இமிப்ரமின் பற்றி எழுதினார். அதை முதலில் வேறொரு மனநோய்க்குத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே பலிக்கவில்லை, சோர்ந்து கிடந்தவர்களுக்குப் பலித்தது.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தா என்ற மூலிகை, நம் வைத்தியர்களுக்குத் தெரிந்த வேர். 1949ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் அது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் இதழில் எழுதினார். அதிலிருந்து எடுத்த ரெஸர்பின் உலகம் பூராவும் விற்றது. ஆனால் சாப்பிட்டவர்களில் சிலர் காரணமில்லாமல் சோர்ந்து போனார்கள். ரெஸர்பின் மூளையில் செரடோனின், நார்அட்ரினலின் போன்றவற்றின் இருப்பைக் காலி செய்கிறது. இப்ரோனியாசிட் அவை சிதையாமல் காக்கிறது. ஒன்று மனசை இறக்குகிறது, மற்றது ஏற்றுகிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான், 'மனச்சோர்வு என்றால் அந்த ரசாயனங்களின் குறைவு' என்ற கொள்கை 1960களில் எழுந்தது.

அந்தக் கொள்கையை எளிமையாகச் சொல்கிறேன். பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒருவர் வந்து இலையில் பாயசம் ஊற்றுகிறார். நீங்கள் இரண்டு வாய் எடுப்பதற்குள் அவரே மிச்சத்தை வழித்து வாளியில் போட்டுக்கொண்டு போகிறார். (சிரிப்பு) நரம்பு முனையும் இப்படித்தான். செரடோனினைச் சந்தில் ஊற்றும். உடனே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இப்படி உறிஞ்சிக்கொள்வதைக் கண்டறிந்த ஆய்வுகளுக்காக ஜூலியஸ் ஆக்ஸல்ராடுக்கு 1970ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1987 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளூவாக்ஸ்டின், பிறகு வந்த செர்ட்ரலின், எஸ்சிடலோப்ராம் எல்லாம் வழித்து எடுக்கிற அந்தக் கையைப் பிடித்துக்கொள்கின்றன. பாயசம் இலையிலேயே நிற்கிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் சௌகரியம். ஆனால் மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே அந்தக் கையைப் பிடித்தாகிவிடுகிறது. மனசு தெளிய இரண்டு வாரம், நாலு வாரம் ஆகிறது. நடுவில் என்ன நடக்கிறது? செரடோனின் கூடியதைக் கண்டு நரம்புகள் தங்கள் உணர்வாங்கிகளை மெல்ல மாற்றி அமைக்கின்றன. நரம்புகளுக்கிடையே புதுத் தொடர்புகள் வளர உதவும் புரதங்கள் கூடுகின்றன. அதற்கு நாள் பிடிக்கும். "உங்க மூளையில செரடோனின் கம்மி, மாத்திரை அதை ரொப்புது" என்று டாக்டர்கள் சொல்வது நோயாளியைச் சமாதானப்படுத்தச் சௌகரியமான வாக்கியம், அவ்வளவுதான். அந்தக் குறைவுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னபோது பெரிய பரபரப்பு. 'அப்போ மாத்திரையே பொய்யா?' என்று கேட்டார்கள். காரணம் பற்றிய கொள்கை தளர்ந்தால் மருந்தின் பலன் பொய்யாகிவிடாது. தலைவலி வருவது உடம்பில் ஆஸ்பிரின் குறைந்ததனாலா?

இந்த இரண்டு வார இடைவெளியை நீங்கள் அவசியம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கவிளைவு முதல் நாளே வரும். பலன் மூன்றாவது வாரம்தான் வரும். குமட்டல், வயிற்றுப் பிரட்டல், தூக்கம் கெடுவது, ஒரு படபடப்பு. இதெல்லாம் பெரும்பாலும் பத்து நாளில் அடங்கிவிடும். அஞ்சாம் நாள் "இது எனக்கு ஒத்துக்கலை" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். தாம்பத்திய ஆர்வம் குறைவது, வியர்வை ஆகியவை நீடிக்கக்கூடியவை. இதை நோயாளி வெட்கப்பட்டுச் சொல்வதில்லை, டாக்டரும் அவசரத்தில் கேட்பதில்லை. கடைசியில் அவர் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுவார். சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். வழி இருக்குதுங்க.

ஹாஸ்டல் வார்டன்களும் மாணவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் சிலருக்கு ஆரம்ப வாரங்களில் பரபரப்பும் தற்கொலை எண்ணமும் கூடலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2004ல் சிறுவர்களுக்கும், 2007ல் 24 வயது வரையிலும் எச்சரிக்கை போட்டது. அதற்காக மருந்தே கூடாது என்று அர்த்தமில்லை. அந்த முதல் மாதம் பக்கத்தில் ஆள் இருக்கணும், வாரா வாரம் டாக்டரைப் பார்க்கணும். அறைத் தோழன் மாத்திரை ஆரம்பித்திருக்கிறான் என்று தெரிந்தால் கேலி பண்ணாதீர்கள், கூட இருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லையா? 14416. 2022லிருந்து இயங்கும் அரசாங்க டெலிமானஸ் எண்; தமிழிலேயே பேசலாம்.

இனி, மனநிலையைச் சமன்படுத்தும் மருந்துகள். சிலருக்குச் சோர்வு மட்டுமில்லை, எழுச்சியும் வரும். தூக்கமே வேண்டாம், பேச்சு நிற்காது, கையில் இருக்கிற பணமெல்லாம் போகும், 'நான் முதலமைச்சரையே பார்க்கப் போறேன்' என்று கிளம்புவார்கள். இருதுருவ நோய் என்கிறோம். இவர்களுக்குச் சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் எழுச்சிப் பக்கம் தூக்கிப் போட்டுவிடலாம். அதனால் டாக்டர் "முன்னாடி எப்பவாவது ரொம்ப சந்தோஷமா, தூங்காம இருந்தீங்களா?" என்று கேட்டால் அது வம்புக் கேள்வி அல்ல. உண்மையைச் சொல்லுங்கள்.

இதற்கு ராஜா மருந்து லித்தியம். நம்ம கெமிஸ்ட்ரி லேபில் சுடர் சோதனை ஞாபகம் இருக்கா? சோடியம் மஞ்சள், லித்தியம் சிவப்பு. தனிம அட்டவணையில் சோடியத்துக்கு நேர் மேல் வீடு. இந்த உறவு பின்னால் முக்கியமாக வரும். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர், சிங்கப்பூர் சாங்கியில் ஜப்பானியரிடம் மூன்றரை வருஷம் போர்க்கைதியாக இருந்து திரும்பியவர், கினிப்பன்றிகளுக்கு லித்தியம் ஊசி போட்டுப் பார்த்தார். அவை அமைதியாகப் படுத்துவிட்டன. பிறகு தானே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, எழுச்சி நோயாளிகள் பத்துப் பேருக்குக் கொடுத்து 1949ல் எழுதினார். முதல் நோயாளி வருஷக்கணக்காக வார்டில் கிடந்த 51 வயதுக்காரர். சில மாதங்களில் வீட்டுக்குப் போய்ப் பழைய வேலையில் சேர்ந்துவிட்டார்! அப்புறம் குணமாயிடுச்சே என்று மருந்தை விட்டார். நோய் திரும்பியது. மறுபடி கொடுத்தார்கள், 1950ல் லித்தியம் நஞ்சாகி இறந்துபோனார். ரத்தத்தில் அளவு பார்க்கும் வசதி அன்றைக்கு அவர்களுக்கு இல்லை.

அதே 1949ல் அமெரிக்காவில் இருதய நோயாளிகளுக்கு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைச் சாப்பாட்டில் தூவக் கொடுத்து, சிலர் இறந்து, அதைத் தடை செய்தார்கள். இதனால் அந்த நாட்டில் லித்தியத்துக்கு அனுமதி 1970ல்தான் கிடைத்தது. இத்தனைக்கும் செவன்-அப் பானத்தில் 1948 வரை லித்தியம் இருந்தது! (சிரிப்பு)

லித்தியம் செல்லுக்குள் செய்தி கடத்தும் சில என்சைம்களை அடக்குகிறது. தற்கொலையைக் குறைப்பதில் இதற்கு இணையான ஆதாரம் உள்ள மருந்து இந்தத் துறையில் வேறில்லை என்பது என் கருத்து. ஆனால் வரம்பு குறுகலானது. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் பொதுவாக 0.6லிருந்து 1.0 வரை இருக்கணும். 1.5 தாண்டினால் ஆபத்து. தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.

நம்ம செட்டு நண்பர் ஒருவர், அவர் அனுமதியோடு சொல்கிறேன், இந்த ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறார். 27 வருஷமாக லித்தியம் சாப்பிடுகிறார். பாங்கில் பெரிய பதவி பார்த்து ரிடையர் ஆனவர். ஒரு மே மாசம் முழங்கால் வலி. மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கி ஒரு வாரம் போட்டார். நடுவில் ரெண்டு நாள் வயிற்றுப்போக்கு. கை உதறுகிறது, நாக்கு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது. தெருவில் பார்த்தவர்கள் குடி என்றார்கள். வீட்டில் பக்கவாதம் என்று பயந்தார்கள். மருமகள்தான் மாத்திரைப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அளவு 2.1. நாலு நாள் ஐ.சி.யூ.

ஏன் இப்படி ஆச்சு? சிறுநீரகத்துக்குச் சோடியமும் லித்தியமும் ஒரே ஜாடை. வியர்வையிலும் வயிற்றுப்போக்கிலும் உப்பு குறைந்தால் அது சோடியத்தைப் பிடித்து வைக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளும் லித்தியம் வெளியேறுவதைக் குறைக்கும். பி.பி.க்குத் தரும் தயாசைடு நீர் மாத்திரை, எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் எல்லாமே இப்படித்தான். லித்தியம் சாப்பிடுகிறவர் பி.பி. என்று உப்பைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் போதும். வாந்தி, பேதி, காய்ச்சல் என்றால் அடுத்த வேளை மாத்திரை போடும் முன் டாக்டருக்குப் போன் பண்ணுங்கள். இப்போது நண்பர் ஒரு சீட்டில் 'லித்தியம் சாப்பிடுகிறேன்' என்று எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். பார்க்க விரும்புகிறவர்களுக்குக் காட்டுவார். (கைதட்டல்)

சேரக்கூடாதவை இன்னும் உண்டு. 1984ல் நியூயார்க்கில் லிபி ஸயான் என்ற 18 வயது மாணவி காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஃபெனெல்ஸின் என்ற பழைய வகைச் சோர்வு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு நடுக்கத்தை அடக்கப் பெதிடின் ஊசி போட்டார்கள். விடியும்போது இறந்துவிட்டார். செரடோனின் அளவு மீறிய நிலைதான் காரணம் என்று பலரும் கருதுகிறார்கள். அவருடைய அப்பா போராடியதன் விளைவாகத்தான் அந்த மாநிலத்தில் பயிற்சி டாக்டர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு வந்தது. நம் ஊரில் இப்போது கவனிக்க வேண்டியது டிரமடால் வலி மாத்திரை, டெக்ஸ்ட்ரோமெதார்பன் உள்ள இருமல் மருந்து. பல் டாக்டரிடம் போனாலும் சரி, கால் டாக்டரிடம் போனாலும் சரி, மனசுக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும்.

வால்ப்ரோயேட், கார்பமசெபின், லாமோட்ரிஜின் ஆகியவை வலிப்புக்கு வந்து மனநிலைக்கும் உதவுபவை. லாமோட்ரிஜினை மிகச் சிறிய அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்ற வேண்டும்; தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டணும். வால்ப்ரோயேட் பற்றித்தான் பெண்ணைப் பெற்றவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. கர்ப்பகாலத்தில் அதைச் சாப்பிட்டால் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பெரிய பிறவிக் குறைபாடு, பத்தில் மூன்று நாலு குழந்தைகளுக்கு வளர்ச்சிக் கோளாறு. ஃபோலிக் ஆசிட் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பி உட்காரக் கூடாது.

இங்கேதான் வீட்டுக்கு வீடு ஒரு விபரீதம் நடக்கிறது. "டாக்டர், முகூர்த்தம் குறிச்சாச்சு, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது, மாத்திரையை நிறுத்திடலாமா?" நிச்சயதார்த்தத்தன்று நிறுத்துவார்கள், ரெண்டு மாசத்தில் புகுந்த வீட்டில் நோய் முழு வேகத்தில் திரும்பும். பிறகு 'மறைச்சுக் கட்டிக் கொடுத்துட்டாங்க' என்ற பழி வேறு. மருந்தை மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். ஆனால் கல்யாணத்துக்குப் பல மாதம் முன்னால், டாக்டர் கண்பார்வையில். மாப்பிள்ளைக்கும் சொல்லித்தான் ஆகணும். எத்தனை வரன் தட்டிப்போகும் என்று கேட்கிறீர்கள். போகும்தான். சொல்லியும் கட்டிக்கொண்டவர்கள் நல்லா இருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மறைப்பு முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2001 ஆகஸ்ட் 6ஐச் சொல்லலாம். ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் போனார்கள். காலில் சங்கிலி. அவர்களில் பலருக்கு மாத்திரை பலித்திருக்கும்.

துண்டுச் சீட்டில் மூன்று கேள்வி வந்திருக்கிறது.

'இது பழக்கமாகிவிடுமா?' அல்பிரஸோலம் போன்ற தூக்க மாத்திரை பழக்கமாகும். எல்லோரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சோர்வு மாத்திரைக்கு அந்த ஏக்கம் வராது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி, எரிச்சல் வரும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

'நரம்பு டாக்டர் என் கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் பார்த்தால் மனநோய் மருந்து என்கிறது.' கவலை வேண்டாம். சர்க்கரை நோய் நரம்பு வலிக்கும் மைக்ரேனுக்கும் அது 10, 25 மில்லிகிராம் அளவில் நல்ல மருந்து. வாய் உலரும், மலச்சிக்கல் வரும். ப்ராஸ்டேட் தொல்லையோ இருதய நோயோ இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

'அம்மாவுக்கு 74 வயது. எஸ்சிடலோப்ராம் ஆரம்பித்து மூன்று வாரம். பி.பி.க்கு நீர் மாத்திரையும் உண்டு. நேற்றிலிருந்து குழப்பமாகப் பேசுகிறார். வயசுக் கோளாறா?' இந்தச் சீட்டு எழுதியவர் தயவுசெய்து சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். வயதானவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் சோடியம் சரிந்துவிடலாம். இப்போதே வீட்டுக்குப் போன் பண்ணி, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள், சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். நான் மேடைக்குப் பின்னால்தான் நிற்கிறேன், வாருங்கள். மற்றவர்களுக்கு இலை போட்டாச்சு.